ஒன்பதாவது தோல்

போனில் அந்தப் படத்தைக் காட்டியதும் என் அம்மா சவுரியம்மாள் செய்த முதல் காரியம், போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வடக்குப் பார்த்து நின்றதுதான். படத்தைக் கொண்டுவந்திருந்த உமைமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குள் டியூப்லைட் பளிச்சென்றுதான் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் தோல் பார்க்கிறவர்களுக்கு டியூப்லைட் பொய்ச்சாட்சி மாதிரி. வடக்கு வெளிச்சத்தில் பார்ப்பதுதான் பார்வை. போன் தானே வெளிச்சம் போடுகிற சாமான் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தோன்றவில்லை. தோல் பதனிடும் டேனரியில் செலக்சன் மேசையில் இருபத்தொரு வருடம் நின்றவள். அதை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் முருங்கைக்கீரையைக்கூட வாசலில் வடக்குப் பார்த்துத்தான் ஆய்வாள்.

"இது என் கையி," என்றாள் திரும்பி வந்து. "இந்த வட்டமெல்லாம் நான் போட்டது."

உமைமா மரியாதைக்குச் சிரித்தாள். "இல்ல ஆன்ட்டி, இது ஓவியர் கார்மேகம் பண்ணது. எண்பத்து மூணுல அவரு ஆம்பூர்ல தங்கியிருந்தாரே, அப்ப டேனரி எப்படி இருந்துச்சுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"கார்மேகமோ இடிமேகமோ. தாடி வச்சவரு. டீல சக்கர ஜாஸ்தி கேப்பாரு. தோல அவரு எடுத்துனு போனாரு. வட்டம் நான் போட்டது."

செலக்சன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பதனிட்டு உலர்ந்த தோலை மேசையில் விரிப்பார்கள். கழுத்துப் பக்கமிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். தோலைத் திருப்பிப் போட்டு, வால் பக்கமிருந்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மாடு உயிரோடு இருந்தபோது பட்டதெல்லாம் அதில் இருக்கும். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், சூடு போட்ட தழும்பு, போதாததற்கு உரித்தவன் அவசரத்தில் கத்தி இறக்கிய இடம். எங்கே குறையோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் கம்மியாக இருந்தால் முதல் தரம், ஜாஸ்தியானால் ரிஜெக்ட் குவியல். ஒரு தோலுக்கு அரை நிமிடம், அவ்வளவுதான். நானும் பைபாஸில் இருக்கிற ஷூ கம்பெனியில் செக்கர். எங்களுக்கென்று குடும்பத் தொழில் ஒன்று உண்டென்றால் அது குறை கண்டுபிடிப்பதுதான். அதனால்தான் எங்கள் வீட்டில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் சீக்கிரம் எழுந்து போய்விடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அன்வரி பேகம் சொல்வார்.

அம்மா அந்த மேசைக்கு வந்தது முறைப்படி இல்லை. அவள் அப்பா அந்தோணிதான் செலக்சன் ஆள். இளவயதில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தபோது தெறித்தது தெறித்தே அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். பதினெட்டு வயதில் சோறு கொண்டுபோகிற சாக்கில் அம்மா பக்கத்தில் நின்றாள், பிறகு சாக்பீஸைக் கையில் வாங்கினாள், பிறகு அவர் சும்மா நிற்க இவளே பார்த்தாள். முதலாளி வக்கார் அகமது சாயபுவுக்கு இது தெரியும். பொம்பளைப் பிள்ளையைச் செலக்சனுக்கு எழுதிக்கொள்கிற வழக்கம் அப்போது கிடையாது என்பதால் ரிஜிஸ்டரில் அந்தோணி பெயரே ஓடியது. தாத்தா செத்த பிறகும் இரண்டு வருடம் அவர் தவறாமல் வேலைக்கு வந்ததாக அந்த ரிஜிஸ்டர் சொல்லும். அதற்குப் பிறகு அம்மாவை ஹெல்பர் என்று எழுதினார்கள்.

உமைமா, வக்கார் சாயபுவின் தங்கை பேத்தி. வாணியம்பாடியில் படித்து, சென்னையில் கலை வரலாறு முடித்து, நுங்கம்பாக்கத்தில் ‘முகப்பு’ என்கிற நவீன ஓவியக் கலைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அதை அவள் காலரி என்றாள். அம்மாவும் காலரி என்றே பிடித்துக்கொண்டாள். காலரிக்கு ஐம்பது வயது ஆகிறது, அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள், எழுதுகிறவள் இவள். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரலாற்றைச் சுருக்கிச் சொன்னாள்.

எழுபத்தைந்தில் ஒரு வக்கீல் வீட்டுக் கார் ஷெட்டில் நான்கு ஓவியர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்களாம். முதல் கண்காட்சிக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். எட்டு வருடம் ஈ ஓட்டினார்கள். வக்கீல் கார் வாங்கிவிட்டார், ஷெட்டைக் காலி பண்ணச் சொன்னார். மூடுவிழா மாதிரி ஒரு கடைசிக் கண்காட்சி வைத்துவிட்டுப் போகலாம் என்றிருந்தபோதுதான் அந்த நால்வரில் ஒருவரான கார்மேகம் ஆம்பூருக்கு வந்து மூன்று வாரம் தங்கினார். ரிஜெக்ட் குவியலில் இருந்து பன்னிரண்டு மாட்டுத் தோல்களைப் பொறுக்கி எடுத்துப்போய், சாக்பீஸ் அழியாமல் மேலே வார்னிஷ் அடித்து, ஷெட்டில் வரிசையாகத் தொங்கவிட்டார். பெயர் ‘பன்னிரண்டு தோல்கள்’. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். டெல்லியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோல்கள் ஜெர்மனிவரை போய் வந்தன. பிறகு காலரிக்கு நிலம் வந்தது, கட்டடம் வந்தது, மூன்று மாடியும் லிஃப்டும் வந்தன. கார்மேகம் செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. தோல்கள் ஏசியில் சௌக்கியமாக இருக்கின்றன.

"அந்த வட்டங்களப் பத்தித்தான் நெறைய எழுதியிருக்காங்க ஆன்ட்டி. அது அவரோட குறிமொழின்னு சொல்லுவாங்க."

"உண்ணிக்கடிக்கு மொழி வேற இருக்குதா?" என்று நான் கேட்டேன்.

உமைமா நல்ல பெண். முகம் சிவந்தாலும் கோபித்துக்கொள்ளவில்லை. போனை மறுபடி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா ஒவ்வொரு படமாகத் தள்ளச் சொல்லிப் படித்துக்கொண்டு போனாள். "இது உண்ணி. இது முள்ளு, கருவேல முள்ளு, நீட்டமா இழுத்திருக்குது பாரு. இது சூடு. இது கசாப்புக்காரன் கத்தி." உமைமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதெல்லாம் வட்டத்துக்குள் அம்மா சொன்னது இருந்தது. எட்டாவது வரைக்கும் இப்படியே போனது. உமைமாவின் கண்கள் விரிந்துகொண்டே வந்தன. ஒன்பதாவதில் அம்மாவின் விரல் நின்றது.

"அதுதான் ஆன்ட்டி எல்லாத்தவிட முக்கியமானது," என்றாள் உமைமா. "தோள்பட்டப் பக்கம் பெரிய வட்டம் இருக்குது பாருங்க. உள்ள ஒண்ணுமே இருக்காது. அதுக்கு ‘வெற்று வட்டம்’னு பேரு. எங்க காலரியோட லோகோவே அதுதான்." பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் நசுங்கின, கீழே முனை சேராத வட்டம். கார்டில் இருந்தது, அவள் துணிப்பையில் இருந்தது, போனின் முதுகிலும் ஒட்டியிருந்தது.

அம்மா கார்டை வெகுநேரம் பார்த்தாள். "டீ போடறேன்," என்று உள்ளே போனாள். அன்றைக்கு அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து உமைமா அந்தப் பக்கத்தைப் போனில் அனுப்பினாள். அம்மா சொன்னதையெல்லாம் அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். காலரியின் இயக்குநர் சுந்தரமூர்த்தி படித்துப் பார்த்து, சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லி, கடைசியில் ஒரே ஒரு வரியாக்கியிருக்கிறார். ‘தோல்களைத் தயார் செய்த பெயர் அறியப்படாத ஆம்பூர்த் தொழிலாளர்களுக்கு நன்றி.’ அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகப் படித்தேன்.

"பேரு தெரியாதாமா?" என்றாள்.

"அப்டித்தான் போட்டிருக்குது."

"வூட்டுக்கு வந்து ரெண்டு டம்ளர் டீ குடிச்சிட்டுப் போச்சே அந்தப் பொண்ணு. போவும்போது இன்னா சொல்லிட்டுப் போச்சு?"

"வர்றேன் சவுரியம்மா ஆன்ட்டின்னு."

"அப்ப தெரியுது இல்ல," என்று அம்மா அவரைக்காய்க்குத் திரும்பினாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கார்மேகம் மூன்று வாரமும் அம்மாவைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாராம். பெயர் கேட்டதே இல்லையாம். அவர் கேட்காததை நாற்பது வருடம் கழித்து இவர்கள் ‘அறியப்படாத’ என்று அழகாக எழுதிவிட்டார்கள். உமைமாவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் அழுதுவிட்டாள்.

"அக்கா, நான் சண்ட போட்டேன்க்கா. சார் ஆதாரம் கேக்கறாரு. ஒரு போட்டோ, ஒரு ரிஜிஸ்டர், ஏதாவது ஒண்ணு. உண்ணிக்கடின்னு தோலப் பாக்கத் தெரிஞ்ச யாரு வேணா சொல்லலாமே, அவங்கதான் வட்டம் போட்டாங்கன்னு எப்டி எடுத்துக்கறதுன்னு கேக்கறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

கேள்வி நியாயமானதாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நேராக வக்கார் சாயபு வீட்டுக்குப் போனோம். டேனரியை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கழிவுநீர் வழக்கில் மூடச் சொன்னவற்றில் அதுவும் ஒன்று. இப்போது அந்த ஷெட் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சாமியானாவும் நாற்காலியும் போட்டுவைக்கிற இடம். சாயபுவுக்கு எண்பத்திரண்டு வயது. அம்மாவை உட்காரச் சொன்னார், சர்பத் கொடுத்தார், தாத்தாவை விசாரித்து, செத்தது நினைவு வந்து வருத்தப்பட்டார்.

"நீதான் பாத்தே. எனக்குத் தெரியும். அல்லாவுக்கும் தெரியும்," என்றார். "ஆனா ரிஜிஸ்டர்ல அந்தோணி பேருதாம்மா இருக்குது. இப்ப மாத்தி எழுதிக் குடுத்தா, அப்ப ஏன் பொய் எழுதினேன்னு கேப்பாங்க. இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா பேஜாரு?"

அம்மா சர்பத்தை முழுக்கக் குடித்து டம்ளரை வைத்தாள். "வேணாம் பாய். நீங்க எழுத வேணாம்," என்று எழுந்துவிட்டாள். அவள் அத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்ததில் எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. ஷேர் ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் எங்கள் வீட்டில் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

"ஆதாரம் இருக்குது," என்றாள்.

எங்கள் பக்கம் சித்திரைப் பாதியிலிருந்து ஆடி முடிய சூரியன் வடக்கே சாய்ந்து போகும். மற்ற மாதங்களில் டேனரிக் கூரையில் வடக்குப் பார்த்துப் பதித்த கண்ணாடியில் வெளிச்சம் மட்டும்தான் வரும். அந்த நாலு மாதம் மட்டும் வெயிலே நேராக உள்ளே இறங்கிவிடும். அதற்காகவே கூரைக் கண்ணாடிக்குக் கீழே மேஸ்திரி கோணி கட்டுவார். கோணி கட்டாமல் வைகாசியில் தோல் பார்க்கக் கூடாது என்பது டேனரியில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கார்மேகம் வந்திருந்த அந்த வைகாசியில் ஒரு நாள் லாரி வந்து நின்றுவிட்டது, சரக்கு அனுப்பியாக வேண்டும், கோணியை யாரோ கட்டு கட்ட உருவிக்கொண்டு போய்விட்டார்கள். பரவாயில்லை என்று அம்மா மேசையில் நின்றாள். ஒரு தோல் வந்தது. வயிற்றுப் பக்கம் இரண்டு உண்ணிக்கடி, இரண்டு வட்டம். அதோடு போயிருந்தால் இரண்டாம் தரம். தோள்பட்டையில் ஒரு மங்கல் கறை தெரிந்தது. பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். அவசரத்தில் தோலைத் திருப்பிப் பார்க்கவில்லை. ரிஜெக்ட் என்று இழுத்துக் குவியலில் எறிந்தபோது பார்த்தால், வட்டத்துக்குள்ளே ஒன்றுமில்லை. கறை மேசையிலேயே, அடுத்த தோலின் மேலே நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். கூரைக் கண்ணாடியில் காக்கா எச்சம்.

"அதோட நெழலு," என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மூன்று மாடி, லிஃப்ட், ஜெர்மனி, துணிப்பை எல்லாம் கண்முன்னே வந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"சிரிக்காத ஹெலன். நல்ல தோலு அது. ரிஜெக்ட்ல போட்டேன். ஒரு தடவ திருப்பிப் பாத்திருந்தா நெழலு நவுந்திருக்காது, தோலு நவுந்திருக்கும், தெரிஞ்சிருக்கும். போய் எடுத்துனு வந்து வட்டத்த அழிச்சிருக்கலாம். மேஸ்திரி பக்கத்துலயே நின்னுனு இருந்தாரு. அப்பாவுக்குக் கண்ணு தெரியலன்னு ஏற்கெனவே பேச்சு ஓடுது. அவரு பேருலதான தப்பு வுழும்? வாய மூடிக்கினேன். மறுநாளே அந்தத் தாடிக்காரரு அத எடுத்துனு போய்ட்டாரு. வுட்டது சனியன்னு இருந்தேன்."

அவள் கண்ணில் நீர் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘என் கைபட்டுப் போன சரக்கு ஒண்ணு தப்புன்னு திரும்பி வந்ததில்ல’ என்பது அம்மா ஊரில் சொல்லிக்கொள்கிற ஒரே பெருமை. ஆதாரம் என்று எதைச் சொன்னாலும் அந்தப் பெருமையைத் தன் கையாலேயே அவள் உடைக்க வேண்டும். இத்தனை நாளாக அவள் டீயும் அவரைக்காயுமாக ஒதுங்கிப்போனது அதற்காகத்தான்.

"போன்ல சொல்லிடட்டா உமைமா கிட்ட?" என்று கேட்டேன்.

"வேணாம். போன்ல சொன்னா எழுதிப்பாங்க. எழுதிக்கினு ஓரமா வச்சிடுவாங்க. அங்க போயி சொல்றேன். அது என்னப் பாத்து நிக்கட்டும், நான் அதப் பாத்து நிக்கறேன்."

ஐம்பதாவது ஆண்டுக் கண்காட்சியின் திறப்பு நாளுக்கு உமைமா எங்கள் இருவருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தாள். ஏலகிரி எக்ஸ்பிரஸில் போனோம். அம்மா ஈஸ்டருக்கு எடுத்த பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அரக்கோணத்தில், "திட்டுவாங்களா?" என்று கேட்டாள். "திட்டினா திட்டட்டும், நாம மட்டும் சும்மாவா இருப்போம்?" என்றேன்.

காலரி வாசலில் அந்த வட்டத்தைப் பளபளவென்று இரும்பில் செய்து எட்டடி உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். அம்மா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு இவ்ளோ பெருசா பண்ணி வச்சிருக்கானுங்க," என்று முணுமுணுத்தாள். வேண்டாத இடத்தில் தன் தப்பை நாலு பேர் விளம்பரம் பண்ணினால் எப்படிக் கூசுமோ அப்படிக் கூசியது அவள் முகம். காவலுக்கு நின்றவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். மஹபூப் பாஷா, மேல்விஷாரத்துக்காரர். உள்ளே வழி காட்டிவிட்டு, "எதையும் தொட மட்டும் தொடாதீங்க, அதுக்குத்தான் என்ன வச்சிருக்காங்க," என்றார்.

முதல் மாடிக் கூடத்தில் பன்னிரண்டு தோல்களும் வரிசையாகத் தொங்கின. மேலே விளக்குகள், ஒவ்வொன்றும் ஒரு தோலுக்கு. நான் போனில் பார்த்ததைவிடப் பெரியவை, கறுத்தவை. யார் என்ன சொன்னாலும் சரி, உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தன. அம்மா சாக்பீஸ் பிடித்த கை அத்தனை சுவர் நீளத்துக்கும் ஓடியிருந்தது. பக்கத்தில் சின்ன அட்டை: ‘கார்மேகம். பன்னிரண்டு தோல்கள், 1983. தோல், சுண்ணக்கட்டி, வார்னிஷ்.’ மாட்டுக்கும் வார்னிஷுக்கும்கூட அதில் இடம் இருந்தது.

முப்பது நாற்பது விருந்தினர்கள். கதர் ஜிப்பா போட்ட சுந்தரமூர்த்தி கையில் மைக்கோடு ஒவ்வொரு தோலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மென்மையான குரல், எடுத்தெறிந்து பேசத் தெரியாத மனிதர். ஒன்பதாவதின் முன்னால் வந்து நின்றார். "இங்கே வட்டம் எதையும் சுட்டவில்லை. இல்லாத ஒன்றைச் சுட்டுகிறது. இந்தக் கலைக்கூடத்தின் ஐம்பது வருடமும் இந்த வெறுமைக்கு முன்னால் நின்று கேட்ட கேள்விதான்," என்றார். இரண்டு மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"சார்," என்றாள் அம்மா. "அது காக்கா எச்சம் சார்."

மைக் அதையும் வாங்கிக் கூடம் முழுக்கச் சொன்னது. யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள். உமைமா கூட்டத்தின் ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரமூர்த்தி திகைத்தாலும் உடனே சமாளித்துக்கொண்டார்.

"நண்பர்களே, இவங்க ஆம்பூர்லேர்ந்து வந்திருக்கற சவுரியம்மாள். கார்மேகம் அங்க தங்கியிருந்தப்ப பாத்தவங்க. அவங்களுக்கு ஒரு பொன்னாடை போடலாமே."

பெயர் அறியப்படாத தொழிலாளியின் பெயர் அவர் வாயில் தடங்கல் இல்லாமல் வந்தது. ஒரு பெண் தட்டில் சால்வை கொண்டுவந்தாள். அவர் போர்த்தினார், கைதட்டினார்கள், யாரோ போட்டோ எடுத்தார்கள். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் பத்தாவது தோலுக்கு நகரப் பார்த்தார்கள். அம்மா சால்வையை எடுத்து நாலாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். நகரவில்லை.

"ஆதாரம் கேட்டீங்களாம் சார். சொல்லிட்டுப் போறேன்." கையை நீட்டி வரிசை முழுவதையும் காட்டினாள். "இதெல்லாம் நான் செலக்சன்ல போட்ட வட்டம். மத்த எல்லா வட்டத்துக்குள்ளயும் ஒரு கொற இருக்கும். இதுல இருக்காது. ஏன்னா நான் தப்பாப் போட்டேன்." கோணியைச் சொன்னாள், வைகாசியைச் சொன்னாள், லாரியைச் சொன்னாள், திருப்பிப் பார்க்காததைச் சொன்னாள். தாத்தாவின் கண்ணைக்கூடச் சொல்லிவிட்டாள். "நல்ல தோலுக்கு வட்டம் போடறது எங்க தொழில்ல அசிங்கம் சார். கூலி புடிப்பாங்க. மூஞ்சில துப்பாத கொறையா பேசுவாங்க. எவனும் ஒத்துக்க மாட்டான். நான் பெத்த அப்பன்கிட்டகூட ஒத்துக்கல. இத்தினி வருஷம் கழிச்சி இத்தினி பேரு முன்னால வந்து, நான்தான் தப்புப் பண்ணேன்னு சொல்றேன். என்னுது இல்லன்னா நான் எதுக்கு சார் சொல்லணும்?"

நரைத்த குடுமி வைத்த ஒரு பெரியவர், ஓவியராக இருக்க வேண்டும், முன்னால் வந்து வட்டத்தின் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்ப கார்மேகம் ஒண்ணுமே பண்ணலன்றீங்களா?" என்றார்.

"அப்டிச் சொல்லலைங்க. குவியல்ல நூத்துக்கணக்குல கெடந்துச்சு. அதுல இதத்தான் எடுக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது. அது அவரு கண்ணு. வட்டம் என் கண்ணு. ரெண்டு பேரையும் போடுங்க."

பெரியவர் தலையை ஆட்டினார். சம்மதமா யோசனையா தெரியவில்லை. சுந்தரமூர்த்தி மைக்கை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஐம்பது வருடக் கட்டடத்தின் வாசலில் நிற்கிற வட்டம் அவருக்கு இப்போது எப்படித் தெரிந்திருக்கும்!

"அம்மா, நீங்க சொல்றதை நான் மதிக்கறேன். ஆனா ஒரு அட்டையை மாத்தறதுன்னா அது வெறும் அட்டை இல்ல. டிரஸ்டிகள் கூடணும், வல்லுநர்கள் பாக்கணும். புத்தகமும் அச்சாயிடுச்சு. வாங்க, ஆபீஸ்ல உக்காந்து நிதானமாப் பேசலாம்."

"ஆபீஸ்ல பேசினா ஆபீஸ்லயே இருந்துடும் சார்."

"சார்," என்று உமைமா முன்னால் வந்தாள். "புத்தகம் இன்னும் பைண்டிங்குக்குப் போகல சார். அந்தப் பக்கத்த மாத்தலாம். நான் இன்னிக்கே எழுதித் தர்றேன். மாத்தலன்னா எழுதினவங்கன்னு என் பேரப் போடாதீங்க."

சுந்தரமூர்த்தி அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பது மாதச் சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். உமைமா தலையைக் குனியவில்லை.

அம்மா சால்வையை உதறினாள். ஒன்பதாவது தோலுக்குக் கீழே தரையில் விரித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "டிரஸ்டிங்க எப்ப வருவாங்களோ வரட்டும். நான் இங்கதான் இருக்கேன். இருபத்தொரு வருஷம் நின்னுனே இருந்தவ, ஒக்கார்றது ஒண்ணும் கஷ்டம் இல்ல."

"பாஷா," என்று கூப்பிட்டார் சுந்தரமூர்த்தி. "அம்மாவைக் கொஞ்சம்..."

மஹபூப் பாஷா வந்து நின்றார். அம்மாவைப் பார்த்தார், தோலைப் பார்த்தார். "தொட்டாத் தடுக்கச் சொல்லி இருக்குது சார். அவங்க தொடல," என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

எனக்கு அந்த நிமிடம் வெட்கம் பிடுங்கித் தின்றது என்பதை மறைக்க மாட்டேன். அத்தனை பேர் சுற்றி நிற்க என் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வா, போகலாம் என்று கையைப் பிடிக்கக் குனிந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. மேசைக்கு அடுத்த தோல் வந்தால் பார்க்கிற மாதிரி, நான் எந்தத் தரம் என்று பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை, நெஞ்சு நிறைந்துவிட்டது.

விருந்தினர்கள் போகவும் இல்லை, பத்தாவது தோலுக்கு நகரவும் இல்லை. குடுமி வைத்த பெரியவர் ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். சுந்தரமூர்த்தி தூண் ஓரம் போய் யாருக்கோ போன் போட்டு, அங்கே எடுக்காததால் மறுபடி போட்டார்.

"மணி இன்னா ஆவுது?" என்று அம்மா கேட்டாள்.

"பன்னண்டரை."

அது அவள் சாப்பாட்டு நேரம். யாருக்காகவும் தள்ளிப்போட்டதில்லை. பைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள். புளிச்சோறும் வறுத்த நெத்திலிக் கருவாடும். ஏசி அந்த வாசனையை வாங்கிக்கொண்டு மூன்று மாடிக்கும் போனது. சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள். பாஷா மட்டும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். உமைமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து சால்வையின் நுனியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றவர்கள் அம்மாவின் தலைக்கு மேலே தொங்குகிற தோலைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள், மறுபடி தோலைப் பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. சோற்றை உருட்டி, மேலே ஒரு கருவாட்டை வைத்து, உமைமாவின் உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள்.